திருச்சபைக் கல்லூரியில் சமயம் கற்பித்தலும் கல்விப் பயணமும்: பூம்புகார் முதல் தஞ்சாவூர் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

திருச்சபை நடத்தும் நம் கல்லூரிகளில் சமய வகுப்பு என்றால் பெரும்பாலும் இரண்டு அறைகள். கிறிஸ்தவ மாணவர்கள் ஓர் அறையில் வேதபாடம் படிக்கிறார்கள். மற்றவர்கள் பக்கத்து அறையில் நன்னெறி படிக்கிறார்கள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வேதியியலும் வணிகவியலும் படிப்பவர்கள் சமயம் என்று வந்ததும் எழுந்து பிரிந்து போகிறார்கள். அவர்களை ஒன்றாக உட்காரவைத்துச் சமயத்தைப் பாடமாகவே படிக்கவைக்க விரும்பும் ஆசிரியருக்காகவும், அந்தப் பாடத்தை வகுப்பறைக்கு வெளியே கொண்டுசெல்ல நினைப்பவருக்காகவும் இதை எழுதுகிறேன்.

காவிரி கடலில் கலக்கும் பகுதியை எடுத்துக்கொள்கிறேன். பூம்புகார், தரங்கம்பாடி, நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, பிறகு மேற்கே திரும்பித் தஞ்சாவூர். ஒரு பஸ், ஐந்து நாள். பௌத்தம், சைவம், வைணவம், இஸ்லாம், கத்தோலிக்கம், லுத்தரன் சபை என எல்லாமே இந்தச் சிறிய வட்டத்திற்குள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு வாழ்ந்திருக்கின்றன. சில வேளை ஒன்று மற்றொன்றை இடித்தும் இருக்கிறது. இரண்டையும் மாணவர்கள் பார்க்க வேண்டும்.

இலக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு சமயத்தவர் ஒருவர் தம் நம்பிக்கையைப் பற்றிச் சொல்வதை மாணவர் எழுத வேண்டும். அதைப் படித்துவிட்டு அவரே, "ஆமாம், நான் சொன்னது இதுதான்" என்று ஒப்புக்கொள்ள வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த ஒன்றுக்காகத்தான்.

படி 1: எந்தத் தரையில் நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

அரசியலமைப்பின் 30ஆவது உறுப்பு சிறுபான்மையினருக்குக் கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையைத் தருகிறது. இதை நம் நிர்வாகங்கள் நன்றாக நினைவில் வைத்திருக்கின்றன. 28ஆவது உறுப்பின் மூன்றாம் கூறு அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. அரசு அங்கீகாரமோ நிதி உதவியோ பெறும் எந்தக் கல்வி நிறுவனத்திலும், மாணவர் தாமே சம்மதித்தால் அன்றி, சமய போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. வயது வராதவர் என்றால் பெற்றோரோ காப்பாளரோ சம்மதிக்க வேண்டும் என்கிறது அது.

இந்த விதி போதனையையும் வழிபாட்டையும் பற்றியது. சமயங்களைப் பற்றிப் படிப்பது வேறு. 2002ஆம் ஆண்டு அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டை ஏற்றுக்கொண்டது. ஆகவே பாடத்திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்: இந்த வகுப்பில் எவரும் எதையும் நம்ப வேண்டியதில்லை, எதையும் விட வேண்டியதில்லை, எந்த வழிபாட்டிலும் பங்கேற்க வேண்டியதில்லை. இதைச் சொல்வதால் கல்லூரியின் கிறிஸ்தவ அடையாளம் குறைந்துவிடும் என்று அஞ்சும் சக ஆசிரியர்கள் இருப்பார்கள். அவர்களிடம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் வரலாற்றைச் சொல்லுங்கள். அங்கே இளைஞர் ராதாகிருஷ்ணன், பின்னாளில் குடியரசுத் தலைவரானவர், மிஷனரி ஆசிரியர்களின் இந்து சமய விமரிசனத்தைக் கேட்டார். அதனால் சீண்டப்பட்டுத் தம் சமயத்தை ஆழமாகப் படித்தார். 1908இல் வேதாந்தத்தின் அறநெறி பற்றி முதுகலை ஆய்வேடு எழுதினார். அதைப் பாராட்டிச் சான்று தந்தவர் அதே கல்லூரியின் மிஷனரிப் பேராசிரியர் ஆல்பிரட் ஜார்ஜ் ஹாக். ஒரு திருச்சபைக் கல்லூரி பெருமைப்பட வேண்டிய வகுப்பறை அது.

படி 2: புறப்படுவதற்கு முன் எட்டு வாரம் படியுங்கள்

படிக்காமல் போனால் அது உல்லாசப் பயணம். வாரம் இரண்டு மணி நேரமாக எட்டு வாரம் ஒதுக்குங்கள். இரண்டு மூல நூல்கள் போதும்.

முதலாவது, மணிமேகலையின் 27ஆவது காதை. பூம்புகாரில் பிறந்த மணிமேகலை வஞ்சி மாநகரத்திற்குப் போய், ஆண் துறவியின் வேடத்தில் பத்துச் சமயவாதிகளைச் சந்திக்கிறாள். அளவைவாதி, சைவவாதி, வைணவவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதி என்று ஒவ்வொருவரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். நூல் பௌத்த நூல். ஆனாலும் ஒவ்வொருவரும் தம் கொள்கையைத் தாமே சொல்ல இடம் தருகிறது. கடைசியில் வரும் பூதவாதியிடம் மட்டும் அவள் சிரித்துவிட்டு, கண்ணால் கண்டதைத் தவிர வேறெதையும் ஏற்காத நீ உன் தாய் தந்தையரை எப்படி அறிந்தாய் என்று மடக்குகிறாள். மாணவர்களை இந்த இடத்தில் நிறுத்தி விவாதிக்கவிடுங்கள். எல்லாரிடமும் பொறுமையாகக் கேட்டவள் இவரிடம் மட்டும் ஏன் வாதாடினாள்? கேட்பது எங்கே முடிகிறது, வாதம் எங்கே தொடங்குகிறது? ஒரு வகுப்பு முழுவதும் இந்தக் கேள்விக்கே போனாலும் நல்லதுதான்.

இரண்டாவது, சீகன்பால்குக்குத் தமிழர்கள் எழுதிய கடிதங்கள். 1706 ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடியில் வந்திறங்கிய இந்த ஜெர்மானிய மிஷனரி, தமிழ் கற்று, நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களைத் தேடிச் சேர்த்துப் பட்டியலிட்டார். பிறகு இங்குள்ளவர்களுக்குக் கேள்விகள் அனுப்பினார்: உங்கள் கடவுளைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள், பாவம் என்பது என்ன, எங்கள் சமயத்தில் உங்களுக்குப் பிடிக்காதது எது? வந்த பதில்கள் ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஜெர்மனியின் ஹாலே நகரில் வெளியிடப்பட்ட மிஷன் அறிக்கைகளில் 1714இலும் 1717இலும் வெளியாயின. அவற்றில் ஐரோப்பியக் கிறிஸ்தவர்களின் குடி, மாட்டிறைச்சி, தூய்மைக் குறைவு ஆகியவற்றின் மீது தமிழர்கள் வைத்த விமரிசனமும் இருக்கிறது. மூலத் தமிழ்க் கடிதங்களை அல்லாமல் மொழிபெயர்ப்பையே நாம் படிக்கிறோம் என்பதையும், கேட்டவர் மதம் மாற்ற வந்தவர் என்பதையும் மாணவர்களுக்கு மறைக்காதீர்கள். இந்த வரம்புகளோடு சேர்த்துப் படித்தால்தான் அந்தக் கேள்விமுறையின் மதிப்பு விளங்கும்.

எட்டாவது வாரத்தில் ஒவ்வொரு மாணவரும் பயணத்தில் கேட்கப்போகும் ஐந்து கேள்விகளை எழுதித் தர வேண்டும். "ஏன் நீங்கள் இப்படிச் செய்கிறீர்கள்?" என்று தொடங்குபவற்றைத் திருப்பிக் கொடுங்கள், அது விசாரணை. "இங்கே முதன்முதலாக எப்போது வந்தீர்கள்?" "யாரோடு வந்தீர்கள்?" "நேர்ந்துகொண்டது நடக்காமல் போனால் என்ன செய்வீர்கள்?" என்பவை மனிதரைப் பேசவைக்கும்.

படி 3: காலத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஜனவரி கடைசியும் பிப்ரவரியும் ஏற்றவை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அந்தக் கடற்கரைக்கு அப்போது மாணவர்களை அழைத்துச் செல்ல வேண்டாம். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. திருவிழாவைப் பார்ப்பதற்கென்றே போகலாம்தான், ஆனால் அந்தக் கூட்டத்தில் யாரிடமும் நின்று பேச முடியாது. நாகூர் தர்காவின் கந்தூரி விழா இஸ்லாமிய மாதக் கணக்கில் வருவதால் ஆண்டுதோறும் தேதி நகரும், விசாரித்துக்கொள்ளுங்கள். கோயில்கள் நண்பகலில் நடைசாத்தி மாலையில்தான் திறக்கும். அந்த இடைவேளையை அருங்காட்சியகத்திற்கும் உறக்கத்திற்கும் வைத்துக்கொள்ளலாம். தரங்கம்பாடியில் ஞாயிறு ஆராதனை வரும்படி நாள்களை அமைத்தால் மிகவும் நன்று.

படி 4: அனுமதி, பணம், பாதுகாப்பு

முதல்வரின் எழுத்துமூல அனுமதி, ஒவ்வொரு மாணவரின் பெற்றோரிடமிருந்தும் ஒப்புதல் கடிதம், இரத்த வகையும் மருந்து ஒவ்வாமையும் குறித்த படிவம், ஆசிரியரும் ஆசிரியையும் உடன்வருதல்: இவை இல்லாமல் பஸ் கிளம்பக் கூடாது. பெற்றோருக்கு அனுப்பும் கடிதத்தில் போகும் வழிபாட்டிடங்கள் எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். மகளைத் தர்காவுக்கு அழைத்துப் போனார்கள் என்று ஒரு தந்தை பின்னால் அறிந்து வருந்தக் கூடாது. மகனைக் கோயிலுக்கு அழைத்துப் போனார்கள் என்று ஒரு போதகர் வருந்தவும் கூடாது.

ஒவ்வோர் இடத்திற்கும் ஒரு மாதம் முன்பே கடிதம் எழுதுங்கள்: கோயிலுக்கு அறநிலையத் துறைச் செயல் அலுவலர், தர்காவுக்கு அதன் நிர்வாகம், சபைக்கு ஆயர், வேளாங்கண்ணிக்குப் பேராலய அதிபர். எத்தனை பேர், எந்தெந்தச் சமயத்தவர், என்ன கேட்கப்போகிறோம் என்பதை அதில் சொல்லிவிடுங்கள். மறைத்துக்கொண்டு போய்க் கேட்கும் கேள்விக்கு நேர்மையான பதிலை எதிர்பார்க்க நமக்கு உரிமை இல்லை.

முப்பது மாணவர்களுக்கு மேல் வேண்டாம். கட்டணம் கட்ட இயலாதவருக்கு உதவும் நிதியை முன்பே திரட்டுங்கள். யாருக்கு அது போகிறது என்பது உங்களுக்கும் கணக்கருக்கும் மட்டுமே தெரிந்திருக்க வேண்டும். தங்கும் அறைகளை மாணவர்களே பிரித்துக்கொள்ளும்படி விட்டால் ஊரும் சாதியும் சபையும் அறை அறையாகப் பிரிந்துவிடும். பட்டியலை நீங்களே போடுங்கள்.

கடலில் இறங்குவது கூடவே கூடாது. பூம்புகாரிலும் வேளாங்கண்ணியிலும் அலை ஏமாற்றும். இதில் விலக்கே இல்லை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இன்னும் ஒன்று. எந்த வழிபாட்டிடத்திலும் உள்ளே வராமல் வெளியே நிற்க எவருக்கும் உரிமை உண்டு. காரணம் கேட்கக் கூடாது, பின்னால் விசாரிக்கவும் கூடாது. தம் நம்பிக்கையால் தயங்குபவர்களுக்கும், மாதவிலக்கு நாள்களில் கோயிலுக்குள் போக விரும்பாத மாணவிகளுக்கும், வெறுமனே களைத்துப்போனவர்களுக்கும் இந்த ஒரே விதி போதும். வெளியே நிற்பவர்களோடு ஓர் ஆசிரியர் எப்போதும் இருக்க வேண்டும்.

படி 5: இடங்கள்

முதல் நாள் பூம்புகார். அங்கே அரைநாளுக்கு மேல் வேண்டியதில்லை. கடற்கரையில் உட்கார்ந்து மணிமேகலையின் காதையை உரக்கப் படித்துவிட்டு, ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தெற்கே தரங்கம்பாடிக்குப் போய்விடுங்கள்.

தரங்கம்பாடிக்கு முழுதாக ஒரு நாள் வேண்டும். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் உரிமை பெற்று டேனிஷ்காரர்கள் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டையில் தொடங்குங்கள். பாதிரியார்களும் ஆட்சியாளர்களும் ஒரே கை என்றுதான் பெரும்பாலான மாணவர்கள் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். டென்மார்க் அரசரே அனுப்பிய சீகன்பால்கை இங்கிருந்த டேனிஷ் ஆளுநர் சுமார் நான்கு மாதம் இதே கோட்டையில் சிறைவைத்தார் என்பதை அந்தச் சுவர்களுக்குள் நின்று சொல்லுங்கள். அதே வேளை, அந்தக் குடியேற்றத்தின் நிழலில்தான் அவர் இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்து 1718இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட புதிய எருசலேம் ஆலயம். 1719 பிப்ரவரியில், 36 வயதில் இறந்த சீகன்பால்க் அதனுள்ளேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். தமிழில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து அச்சிட்டவர் என்று கிறிஸ்தவ மாணவர்கள் பெருமையோடு சொல்வார்கள். சரிதான். கூடவே, தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவர் 1713இல் எழுதி முடித்த பெரிய நூல் ஐரோப்பாவில் அச்சேறாமல் கிடந்தது என்பதையும், 1867இல்தான் சென்னையில் வெளிவந்தது என்பதையும் சொல்லுங்கள். அனுப்பிய சபை கேட்க விரும்பாத ஒன்றை அனுப்பப்பட்டவர் கேட்டு எழுதினார். 1733இல் இதே ஊரில் குருப்பட்டம் பெற்ற ஆரோனைப் பற்றியும் பேச வேண்டும்; அவர் இந்தியர்களில் முதல் புராட்டஸ்டன்டு குரு. ஆலயத்தில் அந்தக் காலத்தில் சாதிவாரியாகத் தனித்தனியே உட்காரவைத்தார்கள் என்பதையும் அங்கேயே, பெஞ்சுகளில் உட்கார்ந்தபடியே பேசுங்கள்.

மாலையில் மாசிலாமணிநாதர் கோயில். பாண்டியர் காலத்துக் கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்றிருக்கிறது. சீகன்பால்க் வந்திறங்கியபோதே அது நானூறு ஆண்டுப் பழமையானது. அங்கே வழிபட வரும் ஊர்க்காரர்களிடம் மாணவர்கள் முதல் முறையாகத் தங்கள் கேள்விகளைக் கேட்கட்டும். ஒரு குழுவில் மூன்று பேர் போதும். ஒருவர் கேட்க, ஒருவர் எழுத, ஒருவர் சும்மா இருந்து கவனிக்க. ஒலிப்பதிவு செய்வதென்றால் அனுமதி கேட்ட பிறகே.

மூன்றாம் நாள் காரைக்கால் வழியாக நாகூர். ஷாகுல் ஹமீது ஆண்டகையின் தர்காவில் உள்ள பெரிய மினாரைத் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் எழுப்பினார். இந்துக் குடும்பங்கள் மொட்டையடிக்கவும் காணிக்கை செலுத்தவும் வருவதை இங்கே பார்க்கலாம். வெள்ளித் தகட்டில் செய்த கை, கால், கண் உருவங்களை நோய் தீர வேண்டிக் காணிக்கையாகத் தருவார்கள். மறுநாள் வேளாங்கண்ணியிலும் இதே மொட்டை, இதே உறுப்புத் தகடுகள். இதை நீங்கள் முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். மாணவர்களே கண்டுபிடிக்கும்போது பஸ்ஸில் எழும் பேச்சு எந்த விரிவுரையாலும் கிடைக்காதது. அதோடு, தர்கா வழிபாட்டை ஏற்காத முஸ்லிம்களும் உண்டு. உங்கள் குழுவிலேயே இருக்கலாம். "இஸ்லாம் இதைச் சொல்கிறது" என்று எந்த மாணவரும் எழுதக் கூடாது. "இன்று இங்கே இவர் இதைச் சொன்னார்" என்றுதான் எழுத வேண்டும்.

அன்று பிற்பகல் நாகப்பட்டினம். பார்க்க எதுவும் இல்லாத இடம் இது, அதனால் பல ஆசிரியர்கள் விட்டுவிடுகிறார்கள். பயணத்தின் கனமான பாடமே இங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. முதலாம் இராசராசன் காலத்தில் சுமத்திராவை ஆண்ட ஸ்ரீவிஜய அரசன் இங்கே சூடாமணி என்ற பௌத்த விகாரையைக் கட்ட, சைவனான சோழ மன்னன் அதற்கு ஆனைமங்கலம் கிராமத்தை வழங்கினான், செப்பேடு சாட்சி. பல நூற்றாண்டு கழித்தும் பௌத்தக் கட்டடத்தின் எச்சமாக ஒரு செங்கல் கோபுரம் இங்கே நின்றது. புதுவெளிக் கோபுரம் என்பார்கள். 1867இல் கத்தோலிக்கத் துறவியரான இயேசு சபையினர் அரசின் அனுமதி பெற்று அதை இடித்தார்கள். இடித்த பொருள் அவர்களுடைய கல்லூரிக் கட்டடத்திற்குப் போனது. 1844இல் இங்கே தொடங்கிய அந்தக் கல்லூரிதான் 1883இல் திருச்சிக்குப் போய், இன்றும் நம் மாநிலத்தின் சிறந்த கல்லூரிகளில் ஒன்றாக இருக்கிறது. சீகன்பால்கின் நூல் சென்னையில் அச்சேறியதும் அதே 1867ஆம் ஆண்டில்தான்.

இதை ஒரு திருச்சபைக் கல்லூரியின் ஆசிரியர் தம் வாயால் சொல்ல வேண்டும். வேறு யாரோ குற்றச்சாட்டாகச் சொல்லி மாணவர்கள் கேள்விப்படும்படி விட்டுவிடக் கூடாது. சொல்லி முடித்ததும் திருமங்கையாழ்வார் கதையையும் சொல்லுங்கள்: நாகப்பட்டினத்துப் பொன் புத்தரைக் கவர்ந்து வந்து திருவரங்கத் திருப்பணிக்குச் செலவிட்டார் என்று வைணவக் குருபரம்பரைக் கதை சொல்கிறது. ஒன்று ஆவணத்தில் உள்ள நிகழ்வு, மற்றது மரபுக் கதை. இந்த வேறுபாட்டை அழுத்திச் சொல்லுங்கள். ஒன்றைக் காட்டி மற்றொன்றை நியாயப்படுத்த முயலும் மாணவரைத் தடுத்து நிறுத்துங்கள். இங்கே மண்ணில் கிடைத்த பௌத்தச் செப்புத் திருமேனிகளில் பலவற்றைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். சென்னை மாணவர்களுக்கு அது இன்னொரு வாரத்துக்கான வேலை.

நான்காம் நாள் வேளாங்கண்ணி. பால்காரச் சிறுவன், மோர் விற்ற ஊனமுற்ற சிறுவன், புயலில் தப்பிய போர்த்துகீசிய மாலுமிகள் என மூன்று வரலாறுகளையும் மக்கள் வாயால் கேட்கவிடுங்கள். 1962இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்ட பேராலயத்தில் திருப்பலி நடக்கும்போது கத்தோலிக்கர் அல்லாதவர்கள் நற்கருணை வரிசையில் நிற்கக் கூடாது என்பதை முன்கூட்டியே விளக்குங்கள். லுத்தரன், சி.எஸ்.ஐ. மாணவர்களுக்கும் இது பொருந்தும் என்பது அவர்களில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இங்கே யாத்திரிகர்கள் பெருந்தொகையாக மாண்டார்கள். ஆலயத்திற்குள் நீர் புகவில்லை என்பதை மாதாவின் அருளாகச் சொல்வோரைச் சந்திப்பீர்கள். நினைவிடத்தையும் பார்ப்பீர்கள். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். அருளைச் சொன்னவரைச் சிறுமைப்படுத்தாமலும் இறந்தவர்களை மறக்காமலும் அந்தப் பக்கத்தை எழுதுவது கடினம். அன்று வேறு வேலை எதுவும் வைக்க வேண்டாம்.

ஐந்தாம் நாள் தஞ்சாவூரில் சிவகங்கைப் பூங்கா அருகே 1779இல் எழுந்த, ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸின் பெயர் தாங்கிய சுவார்ட்ஸ் ஆலயம். உள்ளே, சுவார்ட்ஸ் ஐயரின் மரணப் படுக்கையருகே இரண்டாம் சரபோஜி மன்னர் நிற்கும் பளிங்குச் சிற்பம் இருக்கிறது. மன்னரே பிளாக்ஸ்மன் என்ற ஆங்கிலச் சிற்பியைக் கொண்டு செய்வித்தது. சுவார்ட்ஸின் பாதுகாப்பில் வளர்ந்தவர் சரபோஜி. கடைசிவரை இந்துவாகவே இருந்தார். அதே சுவார்ட்ஸிடம் படித்த வேதநாயகம் சாஸ்திரியார் தமிழ்க் கிறிஸ்தவக் கவிதைக்குப் பெரும் செல்வம் தந்தவர். சபைக்குள் சாதி வேறுபாடு தொடர வேண்டும் என்று வாதிட்டவரும் அவரே. அவருடைய கீர்த்தனைகளைப் பாடி வளர்ந்த மாணவர்களுக்கு இது வலிக்கும். அவசரப்பட்டு ஆறுதல் சொல்ல வேண்டாம்.

படி 6: ஒவ்வோர் இரவும் ஒரு மணி நேரம்

ஒவ்வொருவரிடமும் ஒரு குறிப்பேடு. இடப்பக்கத்தில் கண்டதும் கேட்டதும், சொன்னவரின் சொற்களிலேயே. வலப்பக்கத்தில் தம் எண்ணம். இரண்டும் கலக்கக் கூடாது. இரவு உணவுக்குப் பிறகு எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து இடப்பக்கத்தை மட்டும் படிக்க வேண்டும். வலப்பக்கத்தைப் படிப்பது அவரவர் விருப்பம்.

சண்டை வரும். ஒரு சமயத்தை இன்னொரு மாணவர் கேலி செய்தார் என்று யாராவது அழக்கூடும். அப்போது ஆசிரியர் நடுவராக உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வதைவிட, கேலி செய்தவரிடம், "புண்பட்டவர் என்ன சொன்னார் என்று நீங்கள் திருப்பிச் சொல்லுங்கள்" என்று கேட்பது பயன் தரும். சரியாகத் திருப்பிச் சொல்லும்வரை பதில் பேச அனுமதி இல்லை. உங்கள் சொந்த நம்பிக்கையைப் பற்றி மாணவர்கள் கேட்டால் மறைக்க வேண்டாம். சுருக்கமாகச் சொல்லுங்கள், மதிப்பெண்ணுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

படி 7: திரும்பிய பிறகு

இரண்டு வாரத்திற்குள் ஒவ்வொரு மாணவரும் தாம் பேசிய ஒருவரைப் பற்றி ஆயிரம் சொற்களில் எழுதித் தர வேண்டும். மதிப்பெண்ணில் பாதி, அந்த மனிதரின் சொற்கள் எவ்வளவு நேர்மையாகப் பதிவாகியிருக்கின்றன என்பதற்கு. கால்பங்கு, வாசித்த நூல்களோடு இணைத்துப் பார்ப்பதற்கு. மீதி, தம் எண்ணத்தில் ஏதாவது அசைந்ததா, அசையவில்லையானால் ஏன் என்று எழுதுவதற்கு. அசைய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பிறகு அந்தக் கட்டுரைகளின் படிகளை, பேசியவர்களுக்கே அனுப்புங்கள்: தர்காவில் பேசிய பெரியவருக்கு, மாசிலாமணிநாதர் கோயில் குருக்களுக்கு, வேளாங்கண்ணியில் மெழுகுவத்தி விற்ற அம்மாவுக்கு. முகவரி வாங்கும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவராக இருந்தால் மாணவர் தொலைபேசியில் படித்துக் காட்டட்டும். "இதை நான் சொல்லவில்லை" என்று பதில் வந்தால் அந்த வரியைத் திருத்தி எழுதிய பிறகே மதிப்பெண்ணை இறுதி செய்யுங்கள். திருத்திய பிரதிகளைத் தைத்து நூலகத்தில் வையுங்கள்; அடுத்த ஆண்டு எட்டு வார வகுப்பில் மூன்றாவது மூல நூலாக அதைச் சேர்த்துக்கொள்ளலாம்.